பெட்டியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்

கல்விப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சர்வதேச வணிகம் படிக்கும் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களை ஐந்து நாள், ஒரு வாரம் என்று வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது கல்லூரிகளில் பரவலாகிவிட்டது. அது பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் மகள் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் ஆறு நாள் சிங்கப்பூர், மலேசியா ‘ஸ்டடி டூர்’ என்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் சென்டோசா, கென்டிங், யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கின்றன. கூடவே ‘இண்டஸ்ட்ரியல் விசிட் – 1’ என்று ஒரு வரி. பணம் கட்டலாமா?
– விசைத்தறி உரிமையாளர், கரூர்

அந்த ஒரு வரியில் நிறுவனத்தின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் இல்லாத ‘விசிட்’ பெரும்பாலும் ஏதாவது சாக்லேட் விற்பனைக் கூடத்திலோ நினைவுப்பொருள் கடையிலோதான் போய் முடியும். டிராவல் ஏஜென்டுக்கு ஹோட்டலும் பஸ்ஸும் பிடிக்கத் தெரியும். ஒரு கம்பெனிக்குள் நாற்பது மாணவர்களை அனுமதிக்கக் கேட்டு வாங்குவது அவர் வேலை இல்லை. துறைத்தலைவரின் கையெழுத்தோடு கடிதம் போக வேண்டும், நினைவூட்ட வேண்டும், அங்கிருந்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இதற்கு நான்கைந்து மாதம் பிடிக்கும்.

பணம் கட்டுமுன் கல்லூரியில் மூன்று தாள்கள் கேளுங்கள். ஒன்று, கல்லூரியின் பெயருக்கு அந்த நிறுவனம் எழுதிய ஒப்புதல் கடிதமோ மின்னஞ்சலோ. இரண்டு, எந்தப் பாடத்தோடு இந்தப் பயணம் சேர்கிறது, எதற்கு மதிப்பெண் என்ற திட்டம். மூன்று, செலவுப் பட்டியல். ஆறு நாளில் போக, வர இரண்டு நாள் கழிந்துவிடும். மீதி நான்கு நாளில் குறைந்தது மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரமாவது இருந்தால் கட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். பஸ் நெரிசலில் மூன்றாவது இடம் எப்போதும் அடிபட்டுப் போகும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் மகளிடம் ஒரு வேலை கொடுத்தனுப்புங்கள். சிங்கப்பூர் தன் உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எந்த சூப்பர் மார்க்கெட் அலமாரியும் அங்கே ஒரு பாடம்தான். அரிசி, வெங்காயம், முட்டை, தேயிலை, மசாலாப் பொடி என்று ஐந்து பொருள் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றிலும் எந்த நாட்டுச் சரக்கு, இறக்குமதி செய்தவர் யார், எடை, விலை ஆகிய நான்கையும் குறிக்கட்டும். பாக்கெட்டின் பின்புறம் சின்ன எழுத்தில் இறக்குமதியாளர் முகவரி வரை அச்சிட்டிருக்கும். அங்கே மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் தவிர மற்றவற்றுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் 9 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, இங்கே அந்தப் பொருளின் விலையோடு ஒப்பிட்டால், நடுவில் எந்தச் செலவு எங்கே ஏறியது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். மாலை ஏழு மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் போதும்.

நாற்பது மாணவர்களை அழைத்துப் போக வேண்டும். துபாயா, சிங்கப்பூரா என்று துறைக்குள் விவாதம் நடக்கிறது. உங்கள் தேர்வு என்ன?
– உதவிப் பேராசிரியர், மதுரை

கொழும்பு. செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

தூத்துக்குடியில் ஏற்றப்படும் கன்டெய்னர்களில் கணிசமானவை கொழும்பில்தான் கப்பல் மாறுகின்றன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிற பெரிய தாய்க்கப்பல்களுக்கு ஆழம் வேண்டும். கொழும்பின் தெற்குத் துறைமுகம் 18 மீட்டர் ஆழத்துக்குக் கட்டப்பட்டது. அதனால் நம் ஊர்ப் பெட்டி சின்ன ஃபீடர் கப்பலில் கொழும்பு போய் இறங்கி, பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் காத்திருந்து, தாய்க்கப்பலில் ஏறுகிறது. மதுரையில் இருந்து மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய துறைமுகத்தின் சரக்கு இது. உங்கள் மாணவர்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அந்தப் பெட்டியில் சரக்கு ஏற்றியவராகவே இருப்பார். பாடப்புத்தகத்தில் ‘டிரான்ஷிப்மென்ட்’ என்று ஒரு வரியில் போகிற விஷயம் அங்கே கிரேன் அசைவாகக் கண்ணெதிரே நடக்கும்.

உலக அரசியலும் ஒரே துறைமுகத்துக்குள் இருக்கிறது. சீன நிறுவனம் பெரும்பங்கு வைத்திருக்கும் முனையம் 2013 முதல் இயங்குகிறது. அதானி குழுமம் பங்குவகிக்கும் மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. 2025 மே 2 அன்று கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அங்கே இயற்கையாகவே ஆழம் இருப்பதால் பெரிய தாய்க்கப்பல்கள் நேரடியாக வருகின்றன. இந்தியச் சரக்கை நம்பி வளர்ந்த கொழும்பு இனி என்ன செய்யும்? இந்த ஒரு கேள்வியோடு போனாலே ஐந்து நாளும் நிறைந்துவிடும்.

அடுத்தது தேயிலை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883-ல் தொடங்கியது. 2020 முதல் இணையவழியில் நடக்கிறது, ஆகவே ஏலக்கூடத்தில் கை தூக்குவதைப் பார்க்கலாம் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பார்க்க வேண்டியது தேயிலைத் தரகு நிறுவனத்தின் சுவைபார்க்கும் அறை. நீண்ட மேஜையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தத் தோட்டத்தின் உலர்ந்த தூள், நடுவில் ஊறிய இலை. சர்வதேசத் தர அளவு 100 மில்லிக்கு 2 கிராம் தூள், கொதிநீர், 6 நிமிடம். சுவைப்பவர் கரண்டியில் எடுத்து ஓசையோடு உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். தூளின் அளவை வைத்துப் பிரிக்கும் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற தரங்களுக்குள் விலை எப்படி மாறுகிறது என்பதை அந்த மேஜையில் கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது. இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998-ல் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் தீர்வைச் சலுகையோடு வரும் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டு உச்சவரம்பு ஏன் வைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீலகிரி மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் அவரே பதில் சொல்வார்.

தேயிலை பற்றி எழுதும் அறிக்கையில் அதைப் பறிக்கும் மலையகத் தமிழர்களின் கூலியும் குடியிருப்பும் ஒரு பக்கமாவது வர வேண்டும். ஏலவிலையில் எவ்வளவு தோட்டத்துக்கு, எவ்வளவு தொழிலாளிக்கு என்று கணக்குப் போடாமல் அந்தத் தொழிலைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

தேதி முடிவு செய்யும்போது இலங்கை நாட்காட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை, அலுவலகங்கள் திறக்காது. ஏப்ரல் நடுவில் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகள் பல நாள் மூடியிருக்கும். துபாய்தான் என்று முடிவானால் 2022 முதல் அங்கே வெள்ளி அரைநாள், சனி, ஞாயிறு அரசு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள்.

துறைமுகம் பார்க்கப் போய் வாசலிலேயே திரும்ப நேர்ந்ததாக எங்கள் சீனியர்கள் சொல்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது?
– பி.காம். மாணவர், விருதுநகர்

பெயர்ப் பட்டியல்தான் முதல் காரணம். துறைமுகம் பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் இடம். பாஸ்போர்ட் நகலோடு பட்டியல் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் இரண்டு பேர் விலகி வேறு இரண்டு பேர் சேர்ந்திருப்பார்கள். திருத்திய பட்டியலை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். வாசலில் எண்ணிக்கை சரியாக இருந்தும் பெயர் பொருந்தாமல் மொத்தக் குழுவும் நிற்கும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு பட்டியலை மூடிவிடுவதே வழி.

இரண்டாவது செருப்பு. விரல் தெரியும் செருப்போடு யாரையும் யார்டுக்குள் விடமாட்டார்கள். முழுக்க மூடிய ஷூ, முழுக்கால் உடை, சொன்னால் ஒழியப் படம் எடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் கிளம்புமுன்பே சொல்லிவிட வேண்டும்.

அனுமதியே கிடைக்கவில்லை என்றாலும் நாள் வீணாக வேண்டியதில்லை. கொழும்பில் துறைமுக அதிகார சபையின் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. காலிமுகத் திடலில் நின்றால் கிரேன்களும் வரிசைகட்டி நிற்கும் கப்பல்களும் தெரியும். சிங்கப்பூரில் நகரத் திட்டமிடல் ஆணையத்தின் ‘சிங்கப்பூர் சிட்டி கேலரி’க்குப் போகலாம், அனுமதி இலவசம். தீவு முழுவதன் மாதிரி வடிவமும் அங்கே இருக்கிறது. நகர மையத்தில் இருக்கும் துறைமுக முனையங்களை 2027-க்குள் காலிசெய்து தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் துவாஸுக்கு ஏன் மாற்றுகிறார்கள் என்பது அதைப் பார்த்தால் புரியும். 2024-ல் 4 கோடிப் பெட்டிகளுக்கு மேல் கையாண்ட துறைமுகம் சிங்கப்பூர், 20 அடிப் பெட்டிக் கணக்கில். இடமில்லாத தீவில் அவ்வளவு பெட்டியை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

போவதற்கு முன் என்ன படிக்க வேண்டும்? ‘நாட்டின் பொருளாதாரம்’ என்று பத்துப் பக்க அசைன்மென்ட் தந்திருக்கிறார்கள்.
– பி.காம். சர்வதேச வணிகம், இரண்டாம் ஆண்டு மாணவி, திருப்பூர்

அந்தப் பத்துப் பக்கம் எப்படியும் இணையத்தில் இருந்து நகலாகத்தான் வரும். எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதோடு நீங்களாக ஒன்று செய்யுங்கள்: ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள்.

திருப்பூரில் இருப்பவருக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. பருத்தி டி-சர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணுக்கு ஹெச்.எஸ். தலைப்பு என்று பெயர், உலகம் முழுக்க டி-சர்ட்டுக்கு அது 6109. கரூர் மாணவி என்றால் படுக்கை விரிப்பு, 6302. தேயிலைக்கு 0902. இந்த நாலு இலக்கம் கையில் இருந்தால் எந்த நாட்டுத் தீர்வைப் பட்டியலையும் புரட்டலாம்.

அடுத்து, தெரிந்த ஏற்றுமதியாளரிடமோ கிளியரிங் ஏஜென்டிடமோ பழைய பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டு) ஒன்றின் நகல் கேளுங்கள். வாங்குபவர் பெயரையும் விலை விவரத்தையும் மறைத்துத்தான் கொடுப்பார்கள், அது நியாயம். மீதியே போதும். ஏற்றிய துறைமுகம், இறக்கும் துறைமுகம், கப்பல் பெயர், பயண எண், சீல் எண், கப்பல் வாடகை முன்பே கட்டியதா, அங்கே போய்க் கட்டுவதா என்று ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். பெட்டியின் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து, பிறகு ஏழு இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் முன்னவை சரியா என்று சோதிப்பதற்கானது. கப்பல் மாறும் துறைமுகம் இந்தத் தாளில் பல நேரம் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள, அண்மையில் கிளம்பிய பெட்டியின் எண் கிடைத்தால் கப்பல் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எந்த நாளில் எங்கே இறங்கியது, எத்தனை நாள் காத்திருந்தது, எந்தக் கப்பலில் மறுபடி ஏறியது என்று வரிசையாக வரும்.

இப்படித் தயாராகிப் போகிறவர் அங்குள்ள மேலாளரிடம் “உங்கள் கம்பெனி எப்போது தொடங்கப்பட்டது?” என்று கேட்க மாட்டார். “எங்கள் ஊர்ப் பெட்டி இங்கே நான்கு நாள் நின்றது. அந்த நான்கு நாள் வாடகை யார் கணக்கு?” என்று கேட்பார். கேள்வி இப்படி வந்தால் எந்த மேலாளரும் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசுவார். ஒரு நிறுவனத்துக்கு மூன்று கேள்வி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் இணையதளத்தில் பதில் இருக்கும் கேள்வியை அடித்துவிடுங்கள்.

அறிக்கையை அன்றன்று இரவே எழுதுங்கள். ஊருக்கு வந்த பிறகு எழுதினால் எண்கள் எல்லாம் கலந்துவிடும்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. கல்லூரியில் துபாய் போகிறார்கள். பிரச்சினை வருமா?
– பி.பி.ஏ. மாணவர், திருநெல்வேலி

வரும், இப்போதே கவனியுங்கள். நம் ஊரில் பெயருக்கு முன் இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பலர் விரிக்காமல் ஒற்றைப் பெயரோடு விட்டுவிடுகிறோம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் தந்தார்கள். ஆகவே உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தந்தை பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தின் ஸ்கேனையும் சேர்த்தே விசாவுக்குக் கொடுங்கள், விமான நிறுவனத்திடமும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தந்தை பெயரை சர்நேமாகச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

மற்ற நாடுகளுக்குப் போகும்போது சிக்கல் டிக்கெட்டில் வரும். விமான முன்பதிவில் கடைசிப் பெயர் கட்டாயம். ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்லும், இன்னொன்று ‘எல்.என்.யூ.’ (கடைசிப் பெயர் தெரியவில்லை) என்று போடும். நாற்பது பேருக்கு மொத்தமாகப் போடும் ஏஜென்ட் எல்லோருடைய தந்தை பெயரையும் தானாகச் சேர்த்துவிடுவதும் உண்டு. அப்போது பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பொருந்தாது. டிக்கெட் நகல் வந்த அன்றே எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

சிறுவயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கோ 18 வயது வரையிலோதான் செல்லும். முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்கு இது விசா நேரத்தில்தான் தெரியவருகிறது. போய் இறங்கும் நாளில் இருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

செலவுப் பட்டியலில் ஜி.எஸ்.டி., டி.சி.எஸ். என்று இரண்டு வரி இருக்கிறது. கைச்செலவுக்குப் பணத்தை எப்படிக் கொடுத்தனுப்புவது?
– குடும்பத்தலைவி, ஈரோடு

டூர் பேக்கேஜுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது திரும்ப வராது. டி.சி.எஸ். வேறு வகை. வெளிநாட்டு பேக்கேஜ் விற்பவர் வருமான வரியாக முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டுவது. யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் வருமான வரிக் கணக்கில் அது வரவாகும். கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்பக் கிடைக்கும். கணக்குத் தாக்கல் செய்யாத மாணவரின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை மறந்துவிடும் குடும்பங்கள் நிறைய. பணம் கட்டும்போதே தாக்கல் செய்பவரின் பான் எண்ணைக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

பட்டியலில் இன்னும் சில பாருங்கள்: எத்தனை வேளை உணவு, அறைக்கு எத்தனை பேர், இன்ஷூரன்ஸ் எவ்வளவுக்கு, உடன்வரும் ஆசிரியர்களின் டிக்கெட் யார் கணக்கு, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும். ஆசிரியர்கள் குறைந்தது இரண்டு பேராவது போக வேண்டும். ஒரு மாணவிக்குக் காய்ச்சல் என்று ஒருவர் மருத்துவமனையில் இருந்தால் மற்றவர் குழுவோடு இருக்க வேண்டும் அல்லவா?

கைச்செலவுக்கு, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் நோட்டும் போதும். கடையில் கார்டு மெஷின் “ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?” என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. வசதி வந்திருக்கிறது. கிளம்புமுன் செயலியில் ‘இன்டர்நேஷனல்’ என்பதை இயக்கி வைக்க வேண்டும்.

மருந்து சாப்பிடுகிற பிள்ளை என்றால் டாக்டர் சீட்டும் அசல் அட்டையும் கூடவே இருக்கட்டும். தூக்க மாத்திரை, மனநல மருந்து போன்றவற்றுக்கு சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படும். இ-சிகரெட் அங்கே வைத்திருந்தாலே குற்றம், இதை மகனிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. வகுப்பில் எல்லோரும் போகிறார்கள். போகாவிட்டால் மதிப்பெண் போய்விடுமா?
– பி.காம். மாணவி, திண்டுக்கல்

மதிப்பெண் போகக் கூடாது. பயணத்துக்கு மதிப்பெண் உண்டு என்றால் போகாதவர்களுக்கு அதே எடையில் மாற்றுப் பணி தர வேண்டியது துறையின் கடமை. துறைத்தலைவருக்கு எழுத்தில் கேளுங்கள். வகுப்பில் கை தூக்கிக் கேட்க வேண்டியதில்லை, தனியாகக் கொடுக்கலாம்.

மாற்றுப் பணியை நீங்களே முன்மொழிந்தால் இன்னும் நல்லது. திண்டுக்கல்லில் இருந்து தூத்துக்குடி ஒரு பகல் பயணம். கன்டெய்னர் சரக்கு நிலையம் ஒன்றில் பெட்டியில் சரக்கு அடுக்குவதையும், சுங்கச் சோதனைக்குப் பெட்டி எப்படிப் போகிறது என்பதையும் அங்கே பார்க்கலாம். குன்னூரில் தேயிலை ஏலமும் தரகர்களின் சுவையறைகளும் உண்டு. கொச்சி வல்லார்பாடத்தில் 2011-ல் திறந்த கன்டெய்னர் முனையம் இருக்கிறது. அனுமதிக் கடிதம் இங்கெல்லாம் வேண்டும், அதைக் கல்லூரி தர வேண்டும். நண்பர்கள் கொழும்பில் இருக்கும் அதே வாரத்தில் நீங்கள் தூத்துக்குடியில் இருங்கள். ஒரே பெட்டியின் முதல் பாதியை நீங்களும் மறுபாதியை அவர்களும் எழுதி, இரண்டையும் ஒரே அறிக்கையாகச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.